மலையிறங்கும் மாப்பிள்ளைக்குச் சம்பளச் சான்றிதழ்

இராஜபாளையம்,
18.2.1997

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட் சிரஸ்தாராக இருந்து ஓய்வுபெற்ற, மேன்மை பொருந்திய சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி அவர்களுக்கு, மில் டைம் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வுபெற்ற சங்கரலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் பிச்சையம்மாளும் பையன் ஐயாதுரையும் நலம். ஐயாதுரைக்கு இடது முழங்கை மட்டும் அவ்வளவு நலமில்லை, அதைப் பற்றிப் பின்னால் வரும். அங்கே தாங்களும் மதினியும், எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய வேலுத்தாயும் சுகமாக இருக்க ஆண்டாளை வேண்டுகிறேன். பேனா 'சம்பந்தி' என்று எழுதத்தான் போகிறது. தாங்கள் கேட்ட காகிதம் கைக்கு வராமல் அப்படி எழுதுவது முறையல்ல என்று பிடித்து நிறுத்தி, அண்ணாச்சி என்றே எழுதியிருக்கிறேன்.

பெண் பார்க்க நாங்கள் வந்த அன்று தாங்கள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். நான் சட்டென்று "சைக்கிள் கம்பெனியில" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். என் பையனுக்குப் பொய் வராது. "இல்ல மாமா, மலை மேலேருந்து சைக்கிள்ல இறங்குதேன், பந்தயத்துல" என்றான். மதினி பலகாரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இறங்கி?" என்று கேட்டார்கள். "இறங்குனதும் எம்புட்டு நேரமாச்சுன்னு பாப்பாவ" என்றான். "பாத்து?" என்றார்கள். தாங்கள் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "தப்பா நினைக்காதிய. மாசம் எம்புட்டு வருதுன்னு ஒரு சம்பளச் சான்றிதழ், முத்திரையோட, மாசி முடியுறதுக்குள்ள குடுத்திருங்க. கூட்டுறவு பேங்க் வரன் ஒண்ணு கையில இருக்கு, அவியளுக்கும் பதில் சொல்லணும்லா" என்றீர்கள். வேலுத்தாய் கதவோரத்தில் நின்று ஐயாதுரையைப் பார்த்ததை நான் பார்த்தேன். எப்பாடு பட்டாவது அந்தக் காகிதத்தை வாங்கிவிடுவது என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

உண்மையைச் சொன்னால், நான்கு வருடமாக அவனுக்கு எங்கிருந்து காசு வருகிறது என்று எனக்கே தெரியாது. தீபாவளிக்கு அவன் அம்மாவுக்குச் சேலை எடுத்துத் தருவான், அதனால் சம்பளம் வாங்குகிறான் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். ஏறுவதற்குக் கூலி என்றால் எனக்குப் புரியும், சதுரகிரிக்குச் சாமான் சுமந்து ஏறுகிறவர்களுக்குக் கூலி உண்டு. இறங்குவதற்கு, அதுவும் வெறுங்கையோடு, எவன் கொடுப்பான்? இதைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது என்று ஆகிவிட்டது. முதலில் சைக்கிளைப் பார்த்தேன். அதன் விலைக்கு இரண்டு மொபெட் வாங்கலாமாம். ஆனால் கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, ஸ்டாண்டு கிடையாது, பெல் கூடக் கிடையாது. முன்னாலும் பின்னாலும் வேனுக்கு இருப்பதுபோல ஸ்பிரிங் மட்டும் இருக்கிறது. அதுவும் இவனுடையது இல்லை, பம்பாயில் ஒரு கம்பெனி ஓட்டக் கொடுத்தது, பந்தயத்தை நிறுத்தினால் பொதிந்து திருப்பி அனுப்ப வேண்டும். டயர் சும்மா, சட்டை சும்மா, சம்பளம் மட்டும் இல்லை. "வெளிநாட்டுல பெரிய ஆளுகளுக்கு வருசச் சம்பளமே உண்டுப்பா, மத்தவங்க எல்லாம் என்னை மாதிரித்தான்" என்று ஒரு இங்கிலீஷ் பத்திரிகையைக் காட்டினான். வெளிநாட்டுப் பத்திரிகையில் முத்திரை போட்டு வாங்க முடியுமா?

உள்ளூரில் அவனுக்குக் காசு கொடுக்கிறவர் காளிராஜ், காயத்துக்குச் சுற்றும் கட்டுத்துணியும் புண்ணுக்கு வைக்கும் காஸ் துணியும் தயாரிக்கிற யூனிட் வைத்திருப்பவர். நேரே அவரிடம் போய், "முதலாளி, ஐயாதுரைக்கு ஒரு சம்பளச் சான்றிதழ் வேணும்" என்றேன். அவர் நாற்காலியில் இருந்து எழுந்தே விட்டார். "அண்ணாச்சி, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சுவத்துல நம்ம விளம்பரம் எழுதியிருக்கு. அந்தச் சுவத்துக்கு நான் சம்பளச் சான்றிதழ் குடுத்தேனா?" என்று கேட்டார். பிறகு பீரோவில் இருந்து ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். அதன்படி என் பையன் காயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருடைய கட்டுத்துணியை முழங்காலிலும் முழங்கையிலும் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும். பந்தயத்தில் விழுந்து, துணி தெரிய போட்டோ எடுக்கப்பட்டால் ஐந்நூறு ரூபாய். விழாவிட்டால் ஒன்றும் இல்லை. "விழாதவனுக்கு எதுக்கு அண்ணாச்சி கட்டுத்துணி?" என்றார்.

உங்கள் ஊர் பால்கோவாக்காரர் ஒருவரும் இவனுக்கு உதவுகிறார் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவருடைய முறை வேறு. ஜெயித்து, மேடையில் பால்கோவா டப்பாவைத் தூக்கிக் காட்டினால் காசும் இரண்டு கிலோ பால்கோவாவும் தருவார். விழுந்தவன் கையில் டப்பா இருந்தால் வியாபாரம் கெட்டுவிடும், அதனால் விழுந்த அன்று அந்தப் பக்கமே வரக்கூடாது. ஆகவே அண்ணாச்சி, நான் ஆற அமர யோசித்துக் கண்டுபிடித்தது இதுதான்: விழுந்தால் காளிராஜ் கொடுப்பார், ஜெயித்தால் பால்கோவாக்காரர் கொடுப்பார், விழாமலும் ஜெயிக்காமலும் நல்ல பிள்ளையாக நடுவில் இறங்கி வந்தால் ஒரு பைசா கிடையாது. இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஏனென்றால் நான் முப்பத்தொரு வருடம் விழவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை, மாதம் ஏழாம் தேதி ஆனால் சம்பளம் வந்துவிட்டது. பிச்சையம்மாளிடம் இதைச் சொன்னபோது, "அதான் உங்களுக்கு யாரும் மாலை போடல, எனக்கும் நீங்க சேலை எடுத்துத் தரல" என்றாள். சம்பந்தம் இல்லாத பேச்சு.

இந்த நிலையில்தான் போன ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானல் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பந்தயம் வந்தது. நடத்துகிற கிளப்பில் முத்திரை இருக்கும், கேட்டுப் பார்க்கலாம் என்று நானும் கூடப் போனேன். பஸ் மலையேறும்போதுதான் ஐயாதுரை மெதுவாகச் சொன்னான்: "அப்பா, இதுல முதலா வாறவன பம்பாய்க் கம்பெனி ஒரு வருசத்துக்கு எடுத்துக்கிடுது. மாசம் நாலாயிரம், ஆர்டர் போட்டுத் தாராவ. உங்க சான்றிதழ் தன்னால வந்துரும்." அந்த ஆர்டரில் முத்திரை இருக்குமா என்று கேட்டேன். மீதி வளைவுகள் முழுக்க என் டைம் ஆபீஸ் பெருமையைச் சொல்லிக்கொண்டே போனேன்.

போய் இறங்கினால், நேரம் பார்க்க மதுரையில் இருந்து வரவேண்டியவர் அதே வளைவுகளில் வாந்தி எடுத்துக் காரிலேயே படுத்துவிட்டாராம். கிளப் செயலாளர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். நான் சும்மா இருக்க மாட்டாமல், மில்லில் நேரம் பார்த்தவன் என்று சொல்லிவிட்டேன். என் பையனும் ஓட்டுகிறான், நான் பார்ப்பது நியாயம் இல்லை என்றும் சொன்னேன். "முப்பத்தொரு வருசம் டைம் ஆபீஸ்ல இருந்தவருக்கு மேல யாரு சார் வேணும்?" என்று அவர் கடிகாரத்தைக் கையில் வைத்துவிட்டார். அண்ணாச்சி, தங்களுக்குத் தெரியாது, எங்கள் மில்லில் ஆயிரத்து இருநூறு பேர். ஆள் கேட்டுக்குள் ஓடி வந்துவிட்டால் போதாது, என் ஜன்னல் முன்னால் நின்று டோக்கன் நம்பரைச் சொன்ன பிறகுதான் அவன் வந்ததாகக் கணக்கு. அந்தக் கணக்கில் தப்பு இருக்கிறது என்று இன்றுவரை மேனேஜரோ யூனியனோ ஒருவரும் வாய் திறந்ததில்லை. அதே ஒழுங்கோடுதான் அங்கேயும் மேஜை போட்டு உட்கார்ந்தேன். மலை உச்சியில் இருந்து வயர்லெஸ்ஸில் "விட்டாச்சு" என்று குரல் வரும், நான் அமுக்குவேன். பையன்கள் கல்லிலும் சேற்றிலும் குதித்து வந்து, வண்டியை நிறுத்தி, மேஜைக்கு வந்து நம்பரைச் சொன்னதும் மறுபடி அமுக்கிக் குறித்துக்கொள்வேன். செயலாளர் ஷாமியானாவுக்குள் இருந்து என்னைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது.

குன்னூர்ப் பையன் ஒருவன் மூன்று நிமிடம் பத்தொன்பது வினாடியில் முடித்தான். அதற்குப் பிறகு ஐயாதுரை வந்தான். அவன் இறங்குவதை நான் அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். இரண்டு ஆள் உயரப் பாறையில் இருந்து சைக்கிளோடு காற்றில் வந்தான். வீட்டில் தண்ணீர் டம்ளரைக் கூடத் தட்டிவிடுகிற பையன், அவ்வளவு அழகாக எதையாவது செய்வான் என்று நான் நினைத்ததே இல்லை. முடிவுக் கோட்டருகே வைக்கோல் பொதியில் மோதி, இடது முழங்கை அடிபடச் சாய்ந்தான். எழுந்து, வண்டியைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி வந்து, "பதினேழு" என்றான். அமுக்கினேன். மூன்று நிமிடம் இருபத்து நான்கு. ஐந்து வினாடி அதிகம். பெற்ற பிள்ளை என்று ஒரு வினாடி கூடக் குறைக்காமல் என் கையாலேயே இரண்டாவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஐயாதுரை அந்தத் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "சரிப்பா" என்றான், அவ்வளவுதான். இரண்டாம் பரிசாக ஒரு பிளாஸ்க் கொடுத்தார்கள்.

ஆகவே தாங்கள் கேட்ட சான்றிதழ் கிடைக்கவில்லை. ஆனால் அதைவிட நல்ல செய்தி இருக்கிறது. ஐயாதுரை பந்தயத்தை விட்டுவிடுகிறான். நான் இருந்த அதே டைம் ஆபீஸில் மார்ச் முதல் தேதி சேர்கிறான், பழைய மேனேஜர் வாக்குக் கொடுத்துவிட்டார். சைக்கிளைப் பொதிந்து சாக்குக் கட்டி வைத்தாயிற்று. ஏப்ரல் ஏழாம் தேதி மில் முத்திரையுடன் சான்றிதழ் தங்கள் கையில் இருக்கும். அதுவரை அந்தக் கூட்டுறவு பேங்க்காரர்களுக்குப் பதில் சொல்லாமல் பொறுத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். இப்படி ஒரு முடிவு வந்ததற்கு என் கடிகாரம்தான் காரணம் என்பதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

மதினிக்கு என் வணக்கத்தையும் வேலுத்தாய்க்கு எங்கள் இருவருடைய ஆசீர்வாதத்தையும் சொல்லவும். வைகாசியில் ஒரு நல்ல முகூர்த்தமும், இரண்டு வீட்டிலும் நிறைந்த மனசும் அமையட்டும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
சங்கரலிங்கம்

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன் காளிராஜ் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ஒப்பந்தப்படி கோட்டுக்கு முன்னால் விழுந்தால்தான் ஐந்நூறு ரூபாயாம், கோட்டைத் தாண்டி விழுந்தால் அது பையனின் சொந்த விழுகையாம். எது என்று பார்க்க, கல்யாண வீடியோ எடுக்கிறவரை அனுப்பிப் பந்தயத்தை எடுத்து வைத்திருந்தார். கேசட்டைப் போட்டார். மூலையில் மணி, நிமிடம், வினாடி எல்லாம் ஓடுகிறது, வயர்லெஸ் குரலும் கேட்கிறது. ஐயாதுரைக்கு "விட்டாச்சு" என்ற குரலில் இருந்து முன்சக்கரம் கோட்டைத் தொடும் வரை எண்ணினோம். மூன்று நிமிடம் ஒன்பது வினாடி. குன்னூர்ப் பையனுக்கு மூன்று நிமிடம் பதின்மூன்று. டிவியில் நானும் இருக்கிறேன். பையன் கோட்டைத் தாண்டுகிறான், பொதியில் விழுகிறான், எழுகிறான், நொண்டிக்கொண்டு வருகிறான், நான் கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து அவன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "அண்ணாச்சி, யாருக்காகக் காத்துட்டிருக்கிய?" என்று கேட்டார் காளிராஜ். "நம்பர் சொல்லணும்லா" என்றேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். கோட்டுக்குப் பிறகு விழுந்ததால் ஐந்நூறும் கிடையாது.

வீட்டுக்கு வந்து ஐயாதுரையிடம் சொன்னேன். "தெரியும்ப்பா" என்றான். "ஏலே, தெரிஞ்சா அங்கேயே சொல்ல வேண்டியதுதான" என்றேன். "முப்பத்தொரு வருசமா உங்க டைம் தப்புன்னு ஒருத்தரும் சொன்னதில்லன்னு பஸ்ல போற வழியெல்லாம் சொல்லிட்டு வந்திய. நான் எப்படிப்பா சொல்ல?" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது அண்ணாச்சி. சைக்கிள் கட்டிய சாக்கை நானே அவிழ்த்துவிட்டேன்.

மேலே எழுதியதை எல்லாம் தயவுசெய்து அடித்துவிடவும். மாதம் முடிவதற்குள் ஆட்சேபணை கொடுத்தால் முடிவை மாற்றுவோம் என்று கிளப் செயலாளர் டெலிபோனில் சொல்லிவிட்டார். கேசட்டோடு என்னுடைய பிரமாணப் பத்திரமும் வேண்டுமாம், முத்திரையோடு. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. கோர்ட்டில் இருந்த தங்களுக்குத் தெரியும். நாளைக் காலை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறேன். ஒரு நல்ல வாசகமாகத் தாங்களே எழுதித் தாருங்கள் சம்பந்தி, கையெழுத்துப் போடுகிறேன். என் பெயருக்குப் பக்கத்தில் நேரம் பார்ப்பதில் அனுபவம் உள்ளவர் என்று மட்டும் போட வேண்டாம்.