கால் நீட்ட இடம்

"இன்னும் கொஞ்சம் பின்னால சாய்" என்றார் பலராமன்.

"இதுக்கு மேல சாய்ஞ்சா விழுந்துடுவேங்க" என்றாள் அஞ்சலாட்சி.

கூடத்தில் இரண்டு நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போடப்பட்டிருந்தன. முன் நாற்காலியில் அஞ்சலாட்சி, பின் நாற்காலியில் அவள் கணவர். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. விமானம் பம்பாயைத் தாண்டிப் பாரிசை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது.

"முன்னால இருக்கறவன் தூங்கறான்னு வெச்சிக்க. சாய்வான்ல? சாய்ஞ்சா எம் முட்டியில வந்து இடிக்கும்ல?"

"இடிக்கலீங்களே. இன்னும் ஒரு சாண் இருக்குது."

"விமானத்துல அந்த ஒரு சாண் இருக்காதாம். தணிகாசலம் சொல்றான்."

"பருப்பு அடிப்பிடிக்கிற வாசனை வருதுங்க."

"பறக்கறப்ப எழுந்திருக்கக் கூடாது. உக்காரு."

அஞ்சலாட்சி உட்கார்ந்தாள். பருப்பு தீய்ந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு வரை ரெட்டியார்பாளையத்திலேயே மகிழ்ச்சியான மனிதர் பலராமன்தான். ஒரே மகள் சுலோசனா கல்யாணமாகிப் புருஷனோடு பாரிசுக்குப் போய் நாலு வருடமாகிறது. மருமகன் அங்கே நல்ல உத்தியோகத்தில் இருந்தார். 'மாமாவும் அத்தையும் வந்து சில மாதம் எங்களோடு தங்க வேண்டும்' என்று எழுதி, இரண்டு பேருக்கும் விமானத்தில் டூரிஸ்ட் கிளாஸ் சீட்டுக்கான பணத்தையும் ஏஜெண்டு அப்துல் கஃபாரிடம் கட்டிவிட்டார். ஓய்வு பெற்ற மாமனாருக்கு மருமகன் செய்யும் மரியாதை என்று பலராமன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எதிர்வீட்டுத் தணிகாசலத்திடம் சொன்னதுதான் பிசகு.

தணிகாசலம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்த பழைய சொல்தா. சைகோனிலிருந்து திரும்பும்போது பின்னால் இடமில்லை என்று அவரை விமானத்தின் முன்பகுதியில் உட்கார வைத்துவிட்டார்களாம். அன்று முதல் அவர் மனதளவில் இறங்கவே இல்லை.

"டூரிஸ்டா?" என்று கேட்டார் தணிகாசலம். "நல்லதுதான் பலராமா. எல்லாரும் போறாங்க. நம்ம பஸ்ஸுல விழுப்புரம் போற மாதிரிதான்."

"அப்படியா?"

"முன்னால ஒரு திரை தொங்கும். திரைக்கு அந்தாண்ட பிரெமியேர் கிளாஸ். காலை நீட்டினா இடிக்கறதுக்கு ஆளு கெடையாது. துணி விரிச்சு, பீங்கான் தட்டுல சாப்பாடு. மரியாதையா முசியே, மதாம்னு கூப்பிடறதெல்லாம் அந்தாண்டதான். இந்தாண்ட இருக்கறவனுக்கு வாசனை மட்டும் வரும்."

பலராமனுக்கு அது சுருக்கென்று தைத்தது. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கோர்ட்டில் முப்பது வருடம் குமாஸ்தா. துரைமார் அறைக்கும் குமாஸ்தாக்கள் அறைக்கும் நடுவே பச்சைத் திரை ஒன்று தொங்கும். அந்தப் பக்கம் காப்பி போகும். இந்தப் பக்கம் வாசனை வரும். பிரெஞ்சுக் கொடியே இறங்கிவிட்டது. இனியும் தான் மட்டும் திரைக்கு இந்தப் பக்கமா?

மறுநாளே கஃபாரின் ஆபீசுக்குப் போனார்.

"முன்னால மாத்தறதுன்னா மாத்தலாங்க" என்றார் கஃபார். "ஆனா ஒரு சீட்டுக்கு மேல போட வேண்டிய பணத்தோட இன்னும் கொஞ்சம் சேத்தா, வேற ஒரு டூரிஸ்ட் சீட்டே வாங்கிடலாம். எதுக்குங்க? முன்னால உக்காந்தவரும் பின்னால உக்காந்தவரும் ஒரே நேரத்துலதான் எறங்கப் போறாங்க."

"காலு நீட்டணும்ல?"

கஃபார் மேசைக்கு அடியில் ஒரு பார்வை பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த பலராமனின் செருப்புகள் தரைக்கு ஒரு கட்டைவிரல் உயரம் மேலே தொங்கிக்கொண்டிருந்தன. கஃபார் மரியாதை தெரிந்தவர்.

"ஐயாவுக்கு டூரிஸ்டே தாராளமா இருக்குங்க" என்றார்.

"முட்டியில வலி இருக்குது."

"எந்த முட்டிங்க?"

பலராமன் சற்று யோசித்தார். "ரெண்டும்."

"சரிங்க. வீட்டுல கலந்துகிட்டு வாங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் பலராமன் எழுந்து வந்தார். உண்மையாகவே யோசிப்பதாகத்தான் இருந்தார். ஆனால் தெருமுனையில் தணிகாசலம் நின்றார்.

"எங்க போயிட்டு வர்ற?"

"கஃபாரைப் பாத்துட்டு வரேன். பிரெமியேர் விஷயமா."

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனாலும் விளக்கு வைப்பதற்குள் பலராமன் பிரெமியேரில் பாரிஸ் போகிறார் என்று தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. அடுத்த வாரம் கோர்ட்டு குமாஸ்தாக்கள் அவரைக் கூப்பிட்டு ரோஜா மாலை போட்டார்கள். "நம்ம ஆளு ஒருத்தர் திரைக்கு அந்தப் பக்கம் போறாரு" என்று பெரிய குமாஸ்தா பேசியபோது நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லத்தான் பலராமன் எழுந்தார். மாலை கனத்தது. பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அஞ்சலாட்சியின் கையைப் பார்த்தார்.

"முட்டிக்குத் தைலம் தேச்சு விடறேங்க" என்றாள் அவள்.

"தைலத்துக்குக் கேக்கற முட்டி இல்ல இது."

அவள் கிணற்றடிக்குப் போனாள். சோப்பு நுரையைத் தடவித்தான் வளையல்களைக் கழற்ற வேண்டியிருந்தது. கல்யாணத்தன்று போட்டவை. கழற்றியதும் மணிக்கட்டில் வெளிறிய தடம் ஒன்று தெரிந்தது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

வளையலை விற்ற பணத்தோடு பலராமன் கஃபாரிடம் நேராகப் போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வழியில் மறுபடியும் தணிகாசலம்.

"அதெல்லாம் சரி. எதைப் போட்டுக்கினு போவ?"

"வேட்டி, சட்டை, மேல ஒரு அங்கவஸ்திரம்."

தணிகாசலம் சிரித்த சிரிப்பில் எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். "வேட்டி கட்டிக்கினு திரைக்கு அந்தாண்ட உக்காந்தீன்னா, தட்டு எடுக்க வந்தவன்னு நெனச்சிக்குவான். கம்பளி சூட்டு வேணும் பலராமா. பூட்ஸு வேணும். தோல் பெட்டி வேணும். அங்க தகரப் பெட்டியைப் பாத்தாலே மேல கீழ பாப்பான்."

பலராமன் தையற்கடைக்குத் திரும்பினார். கம்பளி சூட்டு தைக்கப்பட்டது. பூட்ஸ் வந்தது. தோல் பெட்டி வந்தது. சித்திரை வெயிலில் சூட்டைப் போட்டுக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பழகினார். வேர்வை பூட்ஸுக்குள் இறங்கியது. அஞ்சலாட்சி விசிறினாள்.

"நல்லா இருக்குதா?"

"நல்லாத்தான் இருக்குது. பாவமாவும் இருக்குது."

பிரெமியேரில் உட்காரத் தேவையான எல்லாம் இப்போது அவரிடம் இருந்தது, இடத்தைத் தவிர. வளையல் பணத்தில் மிச்சமிருந்தது மாற்றுக் கட்டணத்தில் கால்வாசிக்குக்கூடக் காணாது. தெருவுக்கோ தெரிந்துவிட்டது. கோர்ட்டு மாலை ஆணியில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் பலராமன் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவர் திடீரென்று கேட்டார்.

"உனக்குக் காது எப்படி இருக்குது?"

"எனக்கா? நல்லா கேக்குதே."

"விமானம் மேல போவறப்ப பொம்பளைங்களுக்குக் காதுல ரத்தம் வருமாம்."

"தணிகாசலம் அண்ணன் சொன்னாரா?"

பலராமன் சோற்றைப் பிசைந்தார். பிறகு, ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "உன்னோட சீட்டை விட்டுட்டா அந்தப் பணத்தை எஞ் சீட்டுல சேத்துக்கலாம்" என்றார்.

கரண்டி பாதி வழியில் நின்றது.

"எனக்கு முட்டி வலியெல்லாம் இல்லீங்க" என்றாள் அஞ்சலாட்சி. "அந்தச் சூட்டை வித்துட்டு, ரெண்டு பேரும் பின்னாலயே போயிடலாங்க."

"ஊரு சிரிக்கும்."

"சுலோவைப் பாத்து நாலு வருஷம் ஆவுதுங்க."

"பாரிசு எங்க ஓடிடப் போவுது? மொதல்ல நான் போயி இடம் பொருளெல்லாம் பாத்துட்டு வந்துடறேன். வர்ற வருஷம் உன்னைப் பிரெமியேர்லயே கூட்டிக்கினு போறேன். காலை நீட்டிக்கினு வரலாம்."

"நான் காலை நீட்டி என்னா பண்ணப் போறேன்" என்றாள் அவள். பிறகு மீதி ரசத்தையும் அவர் தட்டிலேயே ஊற்றினாள். அவர் கைகழுவி வருவதற்குள், கூடத்தில் முன்னால் கிடந்த நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டுவிட்டாள்.

கஃபார் மட்டும் மறுபடியும் மல்லுக்கட்டினார். "ஐயா, இது மருமவப்பிள்ளை கட்டின பணம். அவங்களை ஒரு வார்த்தை கேட்டுடலாங்களே."

"மாமனாருக்கு மரியாதை செய்யத்தானே கட்டினாரு? அந்த மரியாதையைக் கொஞ்சம் கூட்டிக்கறேன். நேர்ல போயிச் சொல்லிக்கறேன்."

"அம்மா சீட்டை விட்டா திரும்பக் கெடைக்காதுங்க. அந்த எடத்துக்கு ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க. அடுத்த மூணு மாசத்துக்கு எல்லாம் நெறைஞ்சு கெடக்குது."

"விட்டுடுங்க" என்றார் பலராமன். கஃபார் ஒரு பெருமூச்சோடு பேனாவை எடுத்தார்.

புறப்படும் நாள் வந்தது. மெட்ராசுக்குப் போக வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது. அஞ்சலாட்சி மகளுக்காக வெங்காய வடகம், மிளகாய்த் தூள், எலுமிச்சை ஊறுகாய் என்று தோல் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். பலராமன் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார்.

"பிரெமியேர்ல ஊறுகாய் வாசனை வந்தா என்னைத் தூக்கிப் பின்னால போட்டுடுவான்."

"சுலோவுக்கு எலுமிச்சைன்னா உசிருங்க."

"பாரிசுல எலுமிச்சை இல்லாமலா இருக்கும்?"

அஞ்சலாட்சி ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். தெருவே கூடியிருந்தது. தணிகாசலம் பட்டாளத்து சல்யூட் ஒன்று வைத்தார். பலராமன் கம்பளிச் சூட்டில் வெந்துகொண்டே, மாலையும் கழுத்துமாகக் காரின் பின்சீட்டில் ஏறி, எல்லாரும் பார்க்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காலை நீட்டினார். எதிலும் இடிக்கவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாகத் தன்னை ஒரு முசியேயாக உணர்ந்தார்.

அப்போது ஒரு ரிக்‌ஷா அவசரமாக வந்து காரை மறித்து நின்றது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு பெண் இறங்கினாள்.

"அஞ்சலாட்சி அம்மா வூடு இதுதானுங்களா? எம் பேரு நஜீமா. பாரிசுல சுலோசனா வூட்டுக்குக் கீழ் மாடியில குடியிருக்கேன். போன மாசமே வந்திருக்கணும். கப்பலு வழியில ரிப்பேராகி நின்னுபோச்சு. நேத்து ராத்திரிதான் ஊரு வந்து சேந்தேன்."

"சுலோ எப்படி இருக்குது?" என்று காருக்குள்ளிருந்தே கேட்டார் பலராமன்.

நஜீமா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வாசற்படியில் நின்ற அஞ்சலாட்சியின் பழைய சேலையையும், இடுப்பில் இருந்த ஜாடியையும் பார்த்தாள்.

"இன்னிக்குத்தானேம்மா பயணம்? கார் நிக்குது, நீங்க இன்னும் பொடவை மாத்தலையா?"

"நான் போவலம்மா. எஞ் சீட்டை விட்டாச்சு. அவரு மட்டும் முன்னால உக்காந்து போறாரு."

"அவரு போயி என்னா பண்ணப் போறாரு?" நஜீமாவின் முகம் மாறிவிட்டது. தாழ்ந்த குரலில்தான் பேசினாள். ஆனாலும் தெரு முழுக்கக் கேட்டது. "சுலோசனா முழுகாம இருக்குதும்மா. இப்ப எட்டாம் மாசம். படுக்கையை வுட்டு எழுந்திருக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. லெட்டரை அப்பாதானே படிப்பாரு, அதுல இதையெல்லாம் எப்படி எழுதறதுன்னு வெக்கப்பட்டுக்கினு, உங்க காதுல நேராச் சொல்லச் சொல்லி என்னை அனுப்புச்சு."

பலராமன் நீட்டிய காலை மடக்கினார்.

"அப்பா எதுக்குன்னு நான்கூடக் கேட்டேம்மா" என்றாள் நஜீமா. "'அம்மா தனியா வரப் பயப்படும், துணைக்கு ஒரு ஆளு வேணும்ல, அதுக்குத்தான் அவருக்கும் ஒரு சீட்டு'ன்னு சொல்லுச்சு."