பன்னிரண்டாரின் காரில் ஒரு கதிரை

மெரிலேண்ட்ஸில் பன்னிரண்டாரைப் போல இன்னொரு மனிதர் இருந்ததில்லை. இனி ஒருவர் வரப்பார்த்தாலும் நகரக் கவுன்சில் விடாது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எங்களுக்கு அடுத்த வீடு, நடுவில் ஒரு பலகை வேலி. முப்பது வருடம் பஸ் டிப்போவில் பஸ் திருத்திவிட்டு ஓய்வு எடுத்தவர். ஓய்வு எடுத்த மற்ற ஆட்கள் கத்தரி நடுவார்கள், கோயிலில் பூக் கட்டுவார்கள். இவர் கராஜுக்குள் கார் செய்தார். சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபோது அலுமாரி வாங்குகிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆறு மாதத்தில் அலுமாரிக்கு நாலு சில்லு முளைத்தது.

அந்தக் கார் என் இடுப்பளவு உயரம்கூட இல்லை. எஞ்சின் முன்னுக்கு இல்லை, இருக்கிற ஆளின் முதுகுக்குப் பின்னால். நாலு சிலிண்டர் எஞ்சினுக்கென்று அளந்து விட்ட இடம் அது. பன்னிரண்டார் எங்கேயோ நொருங்கிக் கிடந்த பழைய பெரிய காரிலிருந்து பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினார். அது ஒரு மாட்டுக்கன்று படுத்திருப்பது போலக் கிடந்தது.

"தங்கச்சி, முருகனுக்கு எத்தினை கை?" என்று வேலிக்கு மேலால் என்னைக் கேட்டார்.

"பன்னிரண்டு."

"அப்ப என்ர எஞ்சினுக்கு மட்டும் ஏன் நாலு?"

குசினி ஜன்னலால் அவர் மனைவி பாக்கியம் அக்காவின் குரல் வந்தது. "முருகன் மயிலில போறவர். மயிலுக்குப் பெற்றோல் அடிக்கிறேல்லை."

அன்றோடு அவருக்குப் பன்னிரண்டார் என்று பெயர் நிலைத்தது. வைத்ததும் அக்காதான்.

அக்காவின் குசினிப் பாத்திரம் ஒவ்வொன்றாகக் கராஜுக்குக் குடிபோனது. இடியப்பத் தட்டுகளில் நட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்தார். எந்தத் தட்டு எந்தப் பக்கத்துச் சாமான் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். தட்டை மாற்றி வைத்தால் கொலை விழும். ஒருநாள் கேக் வேகிற அவணுக்குள் பேரிங் ஒன்றையும் சேர்த்து வைத்து விட்டார். சூடானால்தானாம் அது இறுக்கமில்லாமல் இறங்கும். பிறந்தநாளுக்கு வந்தவர்கள் கேக்கில் கிறீஸ் மணக்கிறது என்று சொல்லாமல் சாப்பிட்டுப் போனார்கள். எங்கள் ஆட்கள் நாகரிகமானவர்கள்.

எஞ்சினை முதன்முதலாக இயக்கிய சனிக்கிழமை கோயில் ஆட்கள் நாலைந்து பேரைக் கூப்பிட்டிருந்தார். "நடுக்கமே இல்லை. காசை நிமித்தி வைச்சாலும் விழாது, பாருங்கோ!" என்று எஞ்சினின் தலையில் ஒரு இரண்டு டொலர்க் குற்றியை நிமிர்த்தி வைத்தார். அது நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். தட்டிய கையை எடுக்க முதல் காசு உருண்டு, எஞ்சின் காற்று இழுக்கிற வாய்க்குள் விழுந்தது. பன்னிரண்டார் பாய்ந்து போய் நிற்பாட்டினார். அந்தக் காசை வெளியில் எடுக்க இரண்டு மாதம் பிடித்தது.

"விடுங்கோ, உண்டியலில போட்டதெண்டு நினையுங்கோ," என்றா அக்கா.

சத்தத்தைப் பற்றி எழுதினால் உங்களுக்குக் காது வலிக்கும். எங்கள் அலுமாரிக்குள் கிண்ணங்கள் நடக்கும். கடைசியில் கவுன்சிலிலிருந்து அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. யாரோ முறைப்பாடு செய்திருக்கிறார்கள். நாய் வளர்க்கிற மூன்றாம் வீட்டுக்காரன்தான் என்று முடிவெடுத்து அவனோடு முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தார். என்னிடம் வந்து, "நீங்கள் ஒரு சத்தமில்லாத சனம் தங்கச்சி. உங்களுக்குத்தான் என்ர கஷ்டம் விளங்கும்," என்று அழாத குறையாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். முறைப்பாடு எழுதச் சொல்லி என் மகளை நச்சரித்தவள் நான்தான். இதை இன்றைக்குத்தான் வெளியில் சொல்லுகிறேன்.

பன்னிரண்டு சிலிண்டர் நாலின் இடத்துக்குள் அடங்குமா? அடங்கவில்லை. பெற்றோல் தாங்கி இருக்க வேண்டிய இடத்தையும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தாங்கியை எங்கே வைப்பது என்று ஒரு கிழமை யோசித்தார். பிறகு சாரதிக்குப் பக்கத்துக் கதிரையைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தகரப் பெட்டி அடித்துத் தாங்கியை வைத்தார்.

அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தா. "அப்ப நான் எங்க இருக்கிறது?"

"நீ பஸ்ஸில வாவன். நான் திருத்தின பஸ்தானே."

அக்கா சிரித்தா. நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்தேன். நாலு வருட வேலை அதோடு முடிந்தது.

அந்த மாரியில்தான் அக்காவுக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. வயிற்றில் கட்டி என்றார்கள், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பிரயோசனம் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள், இரண்டு மாதம் இருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். கராஜ் பூட்டிக் கிடந்தது. நான் கேட்ட நிம்மதி எனக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஒருநாள் கஞ்சி கொண்டுபோனேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தா. புருஷனைப் பார்த்து, "இஞ்சேருங்கோ, என்னை ஒருக்கா உந்தக் காரில ஏத்தி மேய்ஸ் ஹில் கோயிலுக்குக் கொண்டுபோவியளோ?" என்று கேட்டா. நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அக்கா அவரிடம் கேட்டு வாங்கியது ஒன்றுமில்லை.

"ஓம்," என்றார் அவர்.

மெல்பேர்னில் இருக்கிற மகன் போனில் கத்தினான். "டாட், ஜஸ்ட் டேக் ஹெர் இன் தி அதர் கார்!"

"அவள் மற்றக் காரைக் கேக்கேல்லையடா," என்று போனை வைத்தார்.

கதிரை வர வேண்டுமென்றால் தாங்கி பழைய இடத்துக்குப் போக வேண்டும். தாங்கி போக வேண்டுமென்றால் பன்னிரண்டும் வெளியில் வர வேண்டும். கராஜைத் திறந்து காருக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் நட்டைக் கழற்றினார். இடியப்பத் தட்டு ஒன்றுகூட இந்த முறை எடுக்கவில்லை. கழற்றியதையெல்லாம் ஒரு வாளிக்குள் எறிந்தார்.

பிளாக்டவுன் பக்கம் எங்கேயோ போய் ஒரு சின்ன நாலு சிலிண்டர் எஞ்சின் கொண்டுவந்தார். மூன்று கிழமையில் அதைக் காருக்குள் பூட்டி, கதிரையையும் திருப்பி வைத்தார். ஆனால் இப்படி வீட்டில் செய்த காரை எஞ்சினியர் ஒருவர் வந்து சோதித்துக் கடிதம் கொடுக்காமல் றோட்டில் இறக்க முடியாது. அந்த எஞ்சினியருக்கு ஐந்து கிழமைக்கு நேரமில்லையாம். "என்ர மனிசி அவசரத்தில நிக்கிறா" என்று பன்னிரண்டார் இங்கிலீசில் சொல்ல, எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் சிரித்தாராம். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

"களவா ஒருக்கா ஓடினா என்ன அண்ணை? பத்து நிமிசப் பாதைதானே," என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்தது எனக்கே ஆச்சரியம்.

"முப்பது வருசம் சனத்தை ஏத்தின பஸ்ஸுக்கு நான் பிரேக் பாத்தனான், தங்கச்சி. சோதிக்காத பிரேக்கில என்ர மனிசியை ஏத்தி றோட்டுக்குப் போகமாட்டன்."

அடுத்த நாள் காலை சில்லுகளுக்கு அடியில் நாலு தேசிக்காய் வைத்தார். அக்காவுக்கு நான் சீலை கட்டிவிட்டேன். இரண்டு தரம் கூடச் சுற்ற வேண்டியிருந்தது. அந்த உயரமில்லாத காருக்குள் அக்காவை இறக்க நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு! கால் ஒருபக்கம், தலை ஒருபக்கம். "என்னைக் கிணத்துக்கையோ இறக்கிறியள்?" என்று அக்கா கேட்க, பன்னிரண்டார் சிரிப்பை அடக்கமாட்டாமல் காரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தேசிக்காய் நசிந்தது. கராஜ் வாசலிலிருந்து றோட்டோரத் தபால் பெட்டி வரைக்கும் போனார்கள். பதினைந்து அடி வைத்தால் வந்துவிடும் தூரம்.

"உது என்ன, தையல் மெசின் மாதிரிச் சத்தம்? பன்னிரண்டு எங்க?"

"பன்னிரண்டு இருந்தா நீ இருக்கேலாது, பாக்கியம்."

அக்கா கதிரையின் விளிம்பைத் தடவிப் பார்த்தா. "அப்ப இது காணும், போதும்," என்றா.

தபால் பெட்டியடியில் கார் நின்றதும், கோயில் இருக்கிற திக்கைக் கேட்டு, அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டா. பிறகு, "இன்னொருக்கா," என்றா. பின்னுக்குப் போய் மறுபடி முன்னுக்கு வந்தார்கள். அப்படி எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. மூன்றாம் வீட்டுக்காரன் நாயோடு வந்து பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் யாரையும் முறைக்கவில்லை.

பத்தாம் நாள் அக்கா போய்விட்டா.

சாவுத் துடக்குக் கழியாத வீட்டில்தான் எஞ்சினியர் வந்து காரைச் சோதித்தார். ஒரு பிழையும் இல்லை, நல்ல வேலை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முகம் வழிக்காத பன்னிரண்டார் அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அவருக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார்.

முப்பத்தோராம் நாள் முடிந்த பிறகு கோயில் ஆட்கள் வந்தார்கள். படங்கு போட்டு மூடிக் கிடந்த பெரிய எஞ்சினைத் தட்டிப் பார்த்து, "அண்ணை, இனி உதைத் திருப்பிப் பூட்டலாம்தானே. நேரமும் போகும்," என்றார்கள்.

"எப்பிடிப் பூட்டுறது? அந்தக் கதிரையில ஆள் இருக்கல்லோ," என்றார் பன்னிரண்டார். வந்தவர்கள் படங்கைத் திருப்பி இழுத்து மூடினார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அந்தக் காரில் கோயிலுக்குப் போகிறார். சத்தம் போடாமல்தான் போகிறார். ஆனாலும் எனக்குத் தெரிந்துவிடும். வாசலில் வந்து நிற்பேன். அவர் கை காட்டுவார். நானும் காட்டுவேன். பிறகு பக்கத்துக் கதிரைக்கும் ஒருதரம் காட்டுவேன்.