குழாய் ரிப்பேர்: மொத்தம் பதினாலு வீடியோ

"ஸ்டாண்டுல மாட்டுற திரெட்டு இரும்பா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டார் ஆம்ப்ரோஸ்.

கேம்கார்டர் வாங்க வருபவர்கள் ஜூம் எவ்வளவு என்பார்கள், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பார்கள். கேமராவைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் ஸ்டாண்டைத் திருகி மாட்டுகிற ஓட்டையின் மரையை நகத்தால் சுரண்டிப் பார்த்த முதல் ஆள் இவர்தான். கடைக்கார உமேஷுக்குத் தலை சுற்றியது.

"எட்டாயிரத்துக்குள்ளன்னா எல்லாம் பிளாஸ்டிக்தான் சார். சும்மா எதுக்கு இது? மொபைல்லயே எடுக்கலாமே?"

"எடுத்தேன்பா. பக்கெட்ல விழுந்துடுச்சு. அரிசி டப்பாவுல புதைச்சு வெச்சேன், கர்த்தர் புண்ணியத்துல மூணாம் நாள் உயிர்த்தெழுந்துச்சு. மறுபடி சோதிக்க வேணாம்னு பாக்கறேன்."

"அப்படி என்ன வீடியோ சார்?"

"குழாய் ரிப்பேர். டொராண்டோவுல இருக்கிற என் பொண்ணுக்கு."

ஆம்ப்ரோஸ் பெங்களூர் லிங்கராஜபுரத்தில் முப்பத்தைந்து வருஷமாக பிளம்பர். மகள் லவினா கல்யாணமாகிக் கனடா போய் இரண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். அது அவர் மனைவி அன்னம்மாளின் சொத்து. ஒரு மணி நேரம் பேசித் தீர்த்துவிட்டு, கடைசியில் "இந்தா, அப்பாகிட்ட பேசு" என்று நீட்டுவாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்பா."

"சரி, வெக்கட்டா?"

மகளோடு அவர் பேசிய பேச்சு மொத்தமும் இவ்வளவுதான். போன வருஷம் அன்னம்மாள் போய்ச் சேர்ந்தாள். அதற்கப்புறம் ஞாயிறு வந்தாலே ஆம்ப்ரோஸுக்குப் பயம். "என்னம்மா?" என்பார். "ஒண்ணுமில்லப்பா" என்பாள். இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். இப்படியே போனால் இந்தப் பெண் கூப்பிடுவதையே விட்டுவிடுவாளோ என்று யோசிப்பார்.

நல்லவேளையாக டொராண்டோவில் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது.

"அப்பா, சிங்க் குழாய் சொட்டுதுப்பா. என்ன பண்றது?"

ஆம்ப்ரோஸ் நாற்பது நிமிஷம் பேசினார்! அடுத்த ஞாயிறு ஃபிளஷ் டேங்க். அதற்கடுத்த ஞாயிறு ஷவர். "என்ன ஊரும்மா அது, இவ்ளோ மட்டமான வேலையா செய்யறானுங்க?" என்று கனடா பிளம்பர்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, திருப்தியாக இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

ஆனால் போனில் சொன்னது மகளுக்கு ஏறவே இல்லை.

"வலது பக்கம் திருப்பும்மா."

"எந்தப் பக்கம் நின்னுக்கிட்டு வலதுப்பா?"

சொன்னதையே மூன்று வாரம் சொல்ல வேண்டியிருந்தது. மாப்பிள்ளை யுவனோ பல்பு மாட்டக்கூடத் தெரியாதவர். பெண் வேலைக்கும் போய்விட்டு, ஸ்பானரையும் தூக்கிக்கொண்டு அல்லாடுகிறாளே என்று ஆம்ப்ரோஸுக்கு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கேம்கார்டர்.

கடைசியில், இரும்புத் திரெட்டு உள்ள ஒரு பழைய மாடலை அவரே தூசிக்குள்ளிருந்து தேடி எடுத்தார்.

"ஐயோ, அதை விடுங்க சார்! அதுல மைக் மாட்ட முடியாது, ஸ்கிரீனும் முன்பக்கம் திரும்பாது."

"திரெட்டு நல்லா இருக்குல்ல? போதும்."

ஜி.ஐ. இரும்புப் பைப்பில் தானே ஸ்டாண்டு செய்தார். அதன் கனத்தில் குளியலறை டைல்ஸ் விரிசல் விட்டது. முதல் வீடியோவில் இருபது நிமிஷமும் அவர் முதுகுதான். நகர்ந்து உட்கார்ந்தார், இரண்டாவதில் முகம் வந்தது, குழாய் வரவில்லை. மூன்றாவதில் தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினார். பக்கத்து வீட்டு ருக்மிணி ஓடி வந்தாள்.

"யாருகிட்ட சண்டைண்ணே?"

"குழாய்கிட்டம்மா. நீ போ."

அவர் வீட்டில் ஒரு குழாயும் ஒழுகவில்லை என்பது இன்னொரு தொல்லை. பிளம்பர் வீடாயிற்றே! ரிப்பேரைக் காட்டுவதற்காக, நன்றாக இருந்த குழாய்களை ஒவ்வொன்றாகக் கெடுத்தார். ஒரு வாஷரைப் பிடுங்கப்போய் தண்ணீர் பீறிட்டு அன்னம்மாளின் படத்தையே நனைத்துவிட்டது. துடைத்துவிட்டு, "உன் பொண்ணுக்குத்தான்டி" என்று சமாதானம் சொன்னார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

ஒரு மாதத்தில் பதினாலு வீடியோ. இந்த ஜென்மத்தில் ஒரு வீட்டுக்கு வரக்கூடிய அத்தனை கோளாறும் அதில் இருந்தது. கடைசி வீடியோவின் முடிவில் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். "இனிமே நீ எதுக்கும் அப்பாவைக் கேட்டுட்டு இருக்க வேணாம்மா" என்றார் பெருமையாக.

உமேஷ்தான் எல்லாவற்றையும் நெட்டில் ஏற்றி அனுப்பிக் கொடுத்தான். "சூப்பர்ப்பா, தேங்க்ஸ்" என்று பதில் வந்தது.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. பரவாயில்லை, நாம் சொல்லிக்கொடுத்த லட்சணம் அப்படி என்று மீசையைத் தடவிக்கொண்டார். அடுத்த ஞாயிறு கூப்பிட்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். மூன்றாவது ஞாயிறு அதுவும் இல்லை. காபிகூடப் போடாமல் போன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். இந்த வீட்டில் பேச ஆளில்லை என்பது அன்றுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

நான்காவது ஞாயிறு பொறுக்க முடியாமல் அவரே கூப்பிட்டார். மாப்பிள்ளை யுவன் எடுத்தார்.

"லவினா குளிச்சிட்டிருக்கா மாமா."

"ஷவர்ல தண்ணி ஒழுங்கா வருதா மாப்பிள்ளை? ஏழாவது வீடியோவுல போட்டிருக்கேன்."

"நல்லாத்தானே வருது!"

"சிங்க் குழாய் மறுபடி ஒழுகலையே?"

யுவன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மாமா, இது வாடகை ஃபிளாட்டு, எது கெட்டாலும் ஆபீஸ்லேருந்து ஆள் வந்து பாத்துட்டுப் போயிடுவான், ரெண்டு வருஷத்துல இங்க ஒரு குழாய்கூட ஒழுகினதில்ல, உங்க வீடியோ வந்ததுலேருந்துதான் 'இனி அப்பாகிட்ட என்னத்தைக் கேக்கிறது'ன்னு ஞாயித்துக்கிழமையானா அழுதுட்டிருக்கா."