வெனிஸின் பின்பக்கம்

எனக்கு ஐரோப்பா நன்றாகத் தெரியும். போனதில்லை, அவ்வளவுதான். பாஸ்போர்ட் எடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. அதில் இதுவரை ஒரு முத்திரைகூட விழவில்லை. (ஒரு முறை டீ விழுந்தது.) ஆனாலும் அங்கே எடுத்த எந்தப் படத்தைக் காட்டினாலும் அது எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். என் மாமனாரின் படத்திறப்பில் நான் மைக்கைப் பிடித்த நிமிடம் வரைக்கும் அந்தப் பெருமைக்கு ஒரு குறையும் வரவில்லை.

இந்த வித்தை எனக்குக் கைவந்தது செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்கு வேலைக்குப் போகிற கம்பெனி வண்டியில். போனில் ஒரு விளையாட்டு உண்டு. உலகத்தின் ஏதோ ஒரு மூலையைப் படமாகக் காட்டும். அது எங்கே என்று நாம் சொல்ல வேண்டும். கூட வருகிறவர்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். நான் ஐரோப்பா போய்விட்டு வருவேன். போகப்போக ரயில் நிலையங்களிலும் வாய்க்கால்களிலும் தேர்ச்சி பெற்றுவிட்டேன். கடிகாரத்தில் எண்களே இல்லாமல் சிவப்பு நொடிமுள் மட்டும் ஓடினால் அது ஸ்விட்சர்லாந்து. மஞ்சளும் நீலமுமாக ரயில் நின்றால் நெதர்லாந்து. ஸ்டேஷன் வாசல் படிக்கட்டுக்கு முன்னால் ரோட்டுக்குப் பதில் தண்ணீர் கிடந்து, எதிர்க்கரையில் பச்சையாக ஒரு குவிமாடம் தெரிந்தால் வெனிஸ். ஆபீஸில் யாராவது தேனிலவு போய்வந்தால், அவர்களுக்கே மறந்துபோன ஊர்ப் பெயரை நான் சொல்லுவேன். (அதற்கப்புறம் அவர்கள் ஏன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வேறு மேஜை தேடிப் போனார்கள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.)

என் மாமனார் திருப்போரூர்க்காரர். நெல் பயிரிட்ட குடும்பம். அவர் காலத்தில் ஒரு வேன் வாங்கி, ஐ.டி. கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றி, வேன்கள் பெருகி, ஊரில் மரியாதையான மனிதராகிவிட்டார். சிரிக்க மாட்டார். கோபக்காரர் என்று சொல்ல முடியாது. சிரிக்க வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை, அவ்வளவுதான். எங்கள் கல்யாண ஆல்பத்தில் அவர் என் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தால் மாப்பிள்ளையோடு நிற்கிறாரா, பிடிபட்டவனைக் காவல் காக்கிறாரா என்று சந்தேகம் வரும்.

அறுபது வயதுக்கு மேல் அவருக்கு ஓர் ஆசை வந்தது. கூட வேன் ஓட்டும் முதலாளிகளோடு சேர்ந்து ஐரோப்பா டூருக்குப் பதிந்தார். என் மாமியாரும் போவதாகத்தான் இருந்தது. கடைசி நேரத்தில் அத்தையின் முட்டி மக்கர் பண்ணிவிட்டது. “அம்மாம் நேரம் ஏரோப்ளேன்ல கால மடக்கிகினு ஒக்கார என்னால ஆவாது. நீ போய்ட்டு வாய்யா” என்று அனுப்பிவைத்தார். மாமா போய்விட்டு வந்தார். எப்படி இருந்தது என்று ஊரே கேட்டது. “குளிரு” என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

அடுத்த வருடம், ஒரு காலை, வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். அதைச் சொல்ல அவர் எனக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்ததில்லை, நானும் உண்டாக்கிக்கொள்ளவில்லை. அந்தப் பாரம் மனதில் கிடந்தது. அவருக்காக ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் என் மைத்துனன் சதீஷ் வந்தான்.

“மாமா, நைனா போன்ல டூர் போட்டோ ஏகத்துக்கும் கீது. எது எந்த ஊருன்னு ஒண்ணும் பிரியல. நீதான் இதுல கில்லாடியாச்சே, எல்லாத்துக்கும் பேர் போட்டுக் குடு. படத்தெறப்பு அன்னிக்கு மண்டபத்துல பெரிய ஸ்க்ரீன் வெச்சி ஓட்டிடலாம்.”

என் வாழ்க்கையில் என் திறமையைத் தேடி வந்த ஒரே வேலை அது. கண் கலங்கிப் போனேன்.

சதீஷ் படங்களை வாட்ஸப்பில் தள்ளிவிட்டான். எல்லாம் கலைந்து, ஒரே நாளில் எடுத்த மாதிரி வந்து விழுந்தன. தேதியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது என் தரத்துக்குக் குறைவு என்பதால் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. லீவு போட்டு உட்கார்ந்தேன். எல்லாப் படத்திலும் மாமா சிவப்புக் குளிர்க்கோட்டு போட்டுக்கொண்டு, கைகளைத் தொங்கவிட்டு, ஆதார் கார்டுக்கு நிற்பதுபோல நிற்கிறார். பின்னால் நாடு நாடாக மாறுகிறது; மாமா மாறவில்லை. சூரிக் ஸ்டேஷன், ஆம்ஸ்டர்டாம் வாய்க்கால், கொலோன் ரயில் பாலம், வெனிஸ் ஸ்டேஷன் படிக்கட்டு. ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். எல்லாம் சரி. இதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன், ஏனென்றால் இதை இப்போது யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

ஒரே ஒரு படம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதே சிவப்புக் கோட்டு. ஆனால் ஒரு கை இடுப்பில். தலை பின்னால் சாய்ந்து, பல் தெரிய, கண் மூடி, மாமா சிரிக்கிறார். பின்னால் இடிந்த பழைய செங்கல் சுவர், அலையில்லாத தண்ணீர், ஒரு படகின் மூக்கு, மழை வானம். அந்தச் சிரிப்பை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. என் மனைவி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். மாமா போனதிலிருந்து யாரோடும் பேசாமல் இருந்த அத்தை, எட்டிப் பார்த்து, “இதையே மாட்டுங்க” என்றார்.

அது எந்த இடம் என்பதுதான் இப்போது கேள்வி. குடும்பமே என்னைப் பார்த்தது. ஓர் இரவு தூங்கவில்லை. ஆம்ஸ்டர்டாமா? அங்கே சுவர் இப்படி இடியாது. பாரிஸா? தண்ணீர் ஒத்துவரவில்லை. கடைசியில் பிடித்துவிட்டேன். பழைய செங்கல், ஆழமில்லாத உப்புத் தண்ணீர், மீன்பிடிப் படகு: வெனிஸைச் சுற்றிக் கிடக்கும் காயலில் டூர்க்காரர்கள் போகாத ஏதோ ஒரு தீவு. வெனிஸின் பின்பக்கம். படகின் மூக்கில் கடுகளவு எழுத்து இருந்தது. இத்தாலிக்காரர்கள் படகுக்குப் பெண் பெயர் வைப்பார்கள் என்று அதையும் முடித்துவைத்தேன். ஓரத்தில் நீல நைலான் வலை கிடந்தது. இத்தாலியில் மீன் பிடிக்க மாட்டார்களா என்ன?

அத்தையைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தைக்கு போனில் பச்சைப் பட்டனும் சிவப்புப் பட்டனும் மட்டும்தான் தெரியும் என்று வீட்டில் எப்போதோ முடிவு செய்துவிட்டோம். ஃபிரேம் கடையில் சொல்லி, படத்துக்குக் கீழே, பிறப்பு இறப்புக்கு நடுவில், “வெனிஸ், இத்தாலி” என்று பொன் எழுத்தில் அச்சடிக்க வைத்தேன்.

படத்திறப்பு அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. முன்னாள் கவுன்சிலர் ஒருவர் திரையை விலக்கினார். மாமா சிரித்தார். பெரிய ஸ்க்ரீனிலும் அதே படம். நான் மைக்கைப் பிடித்தேன்.

ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஐரோப்பாவைச் சுற்றிக் காட்டிவிட்டுச் சிரிக்கிற படத்துக்குத் திரும்பி வந்தேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். “இந்தச் சிரிப்பை இங்கே யாராவது பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். “வாழ்நாள் முழுக்கக் குடும்பத்துக்காக ஓடிய மனிதர். அன்றைக்கு டூர்க் கூட்டத்தை விட்டுத் தனியாக நடந்திருக்கிறார். குடும்பமும் கவலையும் துரத்தி வர முடியாத ஓர் இடத்தில், யாருமே கூட இல்லாமல், முதல் முறையாகச் சந்தோஷமாக இருந்திருக்கிறார்.” கவுன்சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மாப்ள, கொஞ்சம் நிறுத்துங்க.”

முன்வரிசையில் அத்தை எழுந்து நின்றிருந்தார்.

“அது நம்ம கடப்பாக்கம். நான்தான் எடுத்தேன்.”

இந்த இடத்தில் மனிதனாகப் பிறந்த எவனும் மைக்கை வைத்துவிட்டு இறங்கியிருப்பான். நான் வாதாடினேன். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம், அந்தக் கணவனின் படத்திறப்பில், அவர் கையால் எடுத்த படத்தை அவர் எங்கே எடுத்தார் என்று மைக்கில் விளக்கினேன்.

“இல்லீங்க அத்தை, நீங்க வேற போட்டோவ நெனச்சிக்கினு சொல்றீங்க. செங்கல்ல பாருங்க. நம்ம ஊர்ல இவ்ளோ மெல்லிசா செங்கல் அறுக்க மாட்டாங்க.”

“அது ஆலம்பரக் கோட்ட செவுரு.”

“தண்ணியோட கலரு…”

“மொகத்துவாரத் தண்ணி.”

என் மனைவி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். நான் விடவில்லை. “அத்தை, அந்தப் படகு இத்தாலிப் படகு.”

“அதுல இன்னா எழுதிகீதுன்னு படிங்க” என்றார் அத்தை.

ஸ்க்ரீன் ஓட்டுகிறவர், யாரும் கேட்காமலேயே, படகின் மூக்கைப் பெரிதாக்கினார். மாமாவின் முழங்கைக்குப் பின்னாலிருந்து எழுத்துகள் எட்டிப் பார்த்தன. என் கையில் ஒரு மைக் இருந்தது. இன்னொன்று கவுன்சிலர் கையில் இருந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

“…ருகன் துணை.”

அப்புறம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அத்தைதான். மாமா போனதிலிருந்து அந்த வாயிலிருந்து நாங்கள் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதார். அதைப் பார்த்து மண்டபமே சிரித்தது, மண்டபமே அழுதது. நான் மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அப்புறம் அத்தை சொன்னார். டூர் முடிந்து மாமா வந்த பிறகு, மழைக்காலத்தில், கடப்பாக்கத்தில் அத்தையின் அக்கா வீட்டு விசேஷத்துக்கு இருவரும் போனார்களாம். “அந்த செவப்புக் குளிர்க்கோட்ட நான்தான் பையில எடுத்துகினு போனேன். அங்க எப்டி நின்ன, எனக்கும் ஒருவாட்டி காட்டுய்யான்னேன். மாட்டேன்னாரு. அப்பறம் போட்டுக்கினு நின்னாரு, எப்பவும் போல வெறச்சிக்கினு. இடுப்புல கைய வெச்சி தொர மாதிரி நில்லுய்யான்னேன். சிரிச்சிட்டாரு. போன குடுத்து, இத அமுக்குன்னாரு. அமுக்கினேன்.”

செங்கல்லைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன், படகைப் பார்த்தேன். அந்த மனிதர் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நான் பார்க்கவே இல்லை.

மறுநாள் சதீஷ் ஒரு பொன் நிற ஸ்டிக்கரில் “கடப்பாக்கம்” என்று அச்சடித்து எடுத்து வந்தான். ஃபிரேமில் அதை ஒட்டப் போனவனை அத்தை தடுத்தார்.

“கைய எட்ரா. அங்க எடுத்ததெல்லாம் எவனோ எடுத்தது. இது நான் எடுத்தது. இதுல வெனிசுன்னு போட்டுகீது. அப்ப நானும் அவரோட போய்ட்டு வந்துட்டேன். இருக்கட்டும்.”

எங்கள் குடும்பத்தில் இப்போது கடப்பாக்கத்துக்கு அந்தப் பெயரே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சதீஷ் போன் செய்து, “மாமா, வெனிஸ் வரைக்கும் போய் நண்டு வாங்கினு வரலாமா?” என்பான். யாராவது புதுப் படம் காட்டினால், வீட்டில் ஒருவர் தவறாமல் “படகுல இன்னா எழுதிகீது?” என்று என்னைக் கேட்பார்கள்.

எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது, வீட்டுக்குப் புதிதாக யாராவது வருகிற நேரம்தான். கூடத்துப் படத்தைப் பார்ப்பார்கள். “எங்க எடுத்தது?” என்று கேட்பார்கள்.

“வெனிசு” என்பார் அத்தை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். “நான்தான் எடுத்தேன். வேணும்னா எங்க மாப்ளய கேளுங்க, அவருக்கு எல்லா ஊரும் தெரியும்.”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். சதீஷ் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புவான். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லுவேன்.

“ஆமாங்க. செங்கல்ல பாத்தாலே தெரியும்.”