மாமியார் இறங்கினாளா?

"மாமியாருக்கு ஆன கதியப் பாத்தியாடி பூவிழி?" என்று அஞ்சலாட்சி வாயைத் திறந்ததுதான் தாமதம், சோப்புக் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனின் மறுகோடியிலிருந்து கமலக்கண்ணன் பாய்ந்து வந்தார். ஐம்பத்தாறு வயது சூப்பர்வைசர் ஒருவர் அந்த வேகத்தில் ஓடி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டை அதுவரை பார்த்ததில்லை.

"வாய மூடு அஞ்சலாட்சி. நான் இன்னும் பதினொண்ணாவது எபிசோடு பாக்கல."

அவர் ஒரு கொரியத் தொடரில் தலைகுப்புற விழுந்து கிடந்தார். சூப்பர் ஹீரோ கதைதான். ஆனால் அதில் மீன் கடை வைத்திருக்கும் மாமியார் பொய் சொன்னால் அப்படியே மேலே எழும்பிவிடுவாள். உண்மையைச் சொன்னால்தான் கால் தரையில் படும். மகன் வெட்கப்பட்டால் மறைந்துபோவான், உடுப்பு மட்டும் மறையாது. உலகத்தைக் காப்பாற்ற வேண்டியவர்கள், முதலில் வீட்டுச் சண்டையை முடித்துக்கொண்டு பிறகு காப்பாற்றலாம் என்று இருந்தார்கள். நம் ஜனங்களை அச்சு அசலாக உரித்து வைத்தால் ஒரு மனிதன் விழாமல் என்ன செய்வான்?

முதல் எபிசோடைப் பார்த்த மறுநாள் டீ நேரத்தில் அவரே கதையைச் சொன்னார். அடுத்த நாள் வேலை மும்முரத்தில் விட்டுவிட்டார். அதற்கடுத்த நாள் அஞ்சலாட்சி, "நாங்களும் பாக்குறோம் சார். ஒங்களுக்கு ஒரு எபிசோடு முன்னாலயே போறோம்" என்றாள். அன்றோடு போயிற்று அவர் நிம்மதி.

வேகமாகப் பார்த்து அவர்களை முந்தவும் வழியில்லை. தினம் சாயங்காலம் ஒன்றே ஒன்று, அதுவும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்பது மனைவி சுமலதாவின் சட்டம். மீறினால் ஏழு தலைமுறைக்கு ரசத்தில் உப்பு இருக்காது. அன்று திங்கள். பதினாறாவது, கடைசி எபிசோடு, சனிக்கிழமை. அதன் முடிவு டிவியிலிருந்து தெரிய வேண்டும், அஞ்சலாட்சியின் வாயிலிருந்து அல்ல. கமலக்கண்ணனுக்கு இந்த ஜன்மத்தில் வேறு வேண்டுதல் இல்லை.

"ஒரு ஏற்பாடு பண்ணிக்குவோம்" என்றார். "நான் பாத்தது வரைக்கும் பேசலாம். அதத் தாண்டி ஒரு வார்த்த வரக்கூடாது."

"நீங்க எதுவரைக்கும் பாத்தீங்கன்னு எங்களுக்கு இன்னா சார் தெரியும்?" என்றாள் பூவிழி.

நியாயமான கேள்வி. ஆகவே தினம் காலை எட்டு மணிக்குக் கமலக்கண்ணன் எல்லை போட ஆரம்பித்தார். இருபத்திரண்டு பெண்களும் சோப்பை உறையில் மடித்துக்கொண்டே கேட்டார்கள்.

"பையன் முழுசா மறைஞ்சானா சார், பாதியா? கரெக்டா சொல்லுங்க, அப்புறம் நாங்க தாண்டிட்டம்னு திட்டாதீங்க."

"முழுசாத்தான். பேன்ட் மட்டும் தனியா பஸ் ஏறுது."

"ஏறி?"

"கண்டக்டர் பேன்ட்டுகிட்ட டிக்கெட் கேக்குறான். பாக்கெட்டுலேர்ந்து சில்லறை தானா வருது. அதோட நிக்கணும். புரியுதா?"

புரிந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை அஞ்சலாட்சி வாயைத் திறக்காமலே, கையால் வானத்தைக் காட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கமலக்கண்ணன் பதறி ஓடிவந்தார்.

"இன்னாது? மாமியா எறங்கலியா? செத்துட்டாளா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே சார்."

கைக்கு ஓய்வு இருப்பதால்தானே ஜாடை என்று புதன்கிழமை பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார். சோப்புகள் ஐப்பசி மழையாகக் கொட்டின. இருபத்திரண்டு பேருக்கும் கை ஓயவில்லை. புருவங்கள் ஓய்வாகத்தான் இருந்தன. பூவிழி புருவத்தைத் தூக்கிய தூக்கில் பதினைந்தாவது எபிசோடே தெரிந்துவிடும் போலிருந்தது.

வியாழக்கிழமை காதில் அரை கிலோ பஞ்சும் கண்ணுக்குக் கூலிங் கிளாஸுமாக வந்தார். காதும் கண்ணும் அடைபட்டனவே தவிர, வாய் அடைபடவில்லை. மருமகள் வைத்த குழம்பு பிரமாதம் என்று புளுகிய மாமியார் கூரையைப் பிய்த்துக்கொண்டு எழும்பியதைச் சாக்கு மூட்டைமேல் ஏறி நின்று நடித்துக் காட்டி, எல்லை போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்கு, சோப்பு தீர்ந்ததும் அடிக்கும் மெஷின் மணி கேட்கவில்லை. ஆயிரத்து நூறு பெட்டிகள் சோப்பே இல்லாமல் ஒட்டப்பட்டு லாரி ஏறின.

வெள்ளிக்கிழமை வில்லியனூர்க் கடைக்காரர் ஒருவர் போன் செய்து, புது சோப்பு எடையே தெரியவில்லையே, உள்ளே என்ன போடுகிறீர்கள் என்று விசாரித்தார்.

மேனேஜர் ராஜவேல் நேரே வந்து, தன் கையாலேயே பஞ்சைப் பிடுங்கினார்.

"இன்னாய்யா இது?"

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும்தான் சார். அப்புறம் எடுத்துடறேன்."

"எடுக்கவே வேணாம். இப்பவே குடோனுக்குக் கெளம்பு. இனிமே ஒனக்கு அங்கதான் வேல. பேச்சுத் துணைக்கு எலிகூட கெடையாது."

கமலக்கண்ணன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்ப் எரிந்தது. தண்டனை என்ற பெயரில் சொர்க்கத்துக்கே சீட்டுக் கொடுத்திருக்கிறார் மகராசன். டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கதவை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

பின்னால் பெல்ட் நின்றது. இருபத்திரண்டு பேரும் எழுந்து வந்து கதவை மறித்தார்கள்.

"அவர அனுப்பாதீங்க சார்" என்றாள் அஞ்சலாட்சி.

ராஜவேல் திகைத்தார். "ஏம்மா, பேச வுடல, கை ஆட்ட வுடல, பெல்ட்ட ஓட்டி உயிர எடுத்துட்டான். அவனா வேணும்?"

"அவருதான் வேணும்."

"வுட்டுடு அஞ்சலாட்சி" என்று கமலக்கண்ணன் கெஞ்சினார். "ஒனக்குப் புண்ணியமாப் போவும். முடிவ நீங்களே வெச்சிக்கங்க, நான் போயிடறேன்."

அஞ்சலாட்சி கையில் ஒட்டியிருந்த சோப்புத் தூளை முந்தானையில் துடைத்துக்கொண்டு மேனேஜரைப் பார்த்தாள்.

"எத சார் வெச்சிக்கிறது? எங்கள்ல ஒருத்தியும் அந்தத் தொடர கண்ணால கண்டதில்ல. இவரு வாயப் புடுங்கித்தான் இம்மா நாளும் கத கேக்குறோம்."