கோடிச் சேலையோடு திரும்பிய மச்சானுக்கு

பரளச்சி,
வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய பெரிய மச்சான் சங்கரலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை தங்கலட்சுமியின் வீட்டுக்காரன் பால்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். கடிதம் எழுதுகிற எல்லோரும் இந்தச் சொல்லை எழுதுகிறார்கள், யாரும் நின்று படிப்பதில்லை. இந்தத் தடவை தயவுசெய்து நின்று படியுங்கள். நான் நலம். காலையில் கம்பங்கூழ் குடித்தேன், வெங்காயம் கடித்தேன், பருத்திக் காட்டை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன். திருப்பூரில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் இதே போல் நலமாக இருக்க நம் மாரியம்மன் துணை நிற்கட்டும்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். என் போனை எங்கள் பிள்ளை ரேணுகாதேவி வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டாள். தங்கலட்சுமி போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுப்பதில்லை. புதன்கிழமை உங்கள் தங்கைக்கு நீங்கள் அனுப்பிய பேச்சை நாங்கள் மூவரும் கேட்டோம். "எல்லாம் அந்தப் பிள்ள படிக்கிற படிப்பு பண்ற வேல. போட்டோ எடுக்குறதும் வீடியோ போடுறதும் ஒரு படிப்பா? திங்கக்கெழம நானே வந்து டி.சி. வாங்கி நர்சிங்குல சேத்து விடுறேன்" என்று சொல்லியிருந்தீர்கள். மச்சான், அந்தப் படத்தைப் போட்டது ரேணுகா இல்லை. நான். அவள் வெறுமனே போட வேண்டாம் என்று சொன்னாள். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் டி.சி. வாங்க வாருங்கள், இல்லை, வராதீர்கள், எப்படியும் முழுக்கக் கேளுங்கள்.

இந்த வருடம் பொங்கல் கமிட்டிக்கு என்னைத் தலைவராகப் போட்டார்கள் அல்லவா? கோயிலில் மாலை போட்டார்கள். மாலையைக் கழற்ற மனம் வராமல் அப்படியே பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போய் நாகராஜ் ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். "தெய்வீகமா இருக்கணும் தம்பி" என்று சொன்னேன், அது என் தப்புத்தான். அவர் என்னைக் கண்ணை மூடச் சொன்னார். இரண்டு பக்கமும் கம்ப்யூட்டரிலேயே குத்துவிளக்கு ஏற்றினார், பின்னால் மேகம் விட்டார், போனில் போடுவதற்குத் தோதாக ஒரு புல்லாங்குழலையும் சேர்த்துக் கொடுத்தார். புல்லாங்குழலில் அழுகிற புல்லாங்குழல் என்று ஒன்று தனியாக இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமை காலையில் அதை ஸ்டேட்டஸில் வைக்கும்போது கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ரேணுகா எட்டிப் பார்த்தாள். "அப்பா, கீழ ரெண்டு வார்த்த எழுதுங்க. படம் தானா பேசாது, பாக்குறவுகதான் அதப் பேச வைப்பாக" என்றாள். "என் மூஞ்சி தெரியாதவன் இந்தச் சுத்துப்பட்டில எவன் இருக்கான்? போ, பஸ்ஸு போயிரும்" என்று விரட்டினேன். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மருந்தடிக்கக் காட்டுக்குப் போய்விட்டேன். தங்கலட்சுமி வீட்டைப் பூட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டாள். போன் மட்டும் வீட்டுக்குள் கிடந்து அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. கேத வீட்டுக்குப் போனைப் போட்டு "செத்துட்டாரா?" என்று யாரும் கேட்பதில்லை. முதலில் அழ வேண்டும். அழுது முடித்துத்தான் விசாரணை. பாலவனத்தத்துச் சின்னம்மா படத்தைப் பார்த்துவிட்டு, என் போனை யாரும் எடுக்கவில்லை என்றதும் பக்கத்து வீட்டு மாரிக்கனிக்குப் போனைப் போட்டு, எடுத்ததும் ஓவென்று அழுதிருக்கிறார்கள். சின்னம்மா அழுதால் அங்கேதான் யாருக்கோ ஆகிவிட்டது என்று மாரிக்கனியும் அழுதிருக்கிறது. மாரிக்கனியே அழுகிறது என்றால் பால்சாமி போனது உறுதி என்று சின்னம்மா வேனுக்குச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரில் ஒருவர் மூக்கைச் சிந்திவிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நீங்கள் திருப்பூரில் காரே எடுத்திருக்க மாட்டீர்கள்.

மத்தியானம் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வந்தால் என் வீட்டு வாசலில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, தலைவிரி கோலமாகப் பெண்கள். வீட்டில் இருப்பது மூன்று பேர், நான் இங்கே நிற்கிறேன். அப்படியென்றால் தங்கலட்சுமியா, பிள்ளையா? கேட்க வாய் வரவில்லை மச்சான். கேட்டால் பதில் வந்துவிடுமே. ஸ்பிரேயரைச் சுவரில் சாய்த்துவிட்டு, மருந்து நெடிக்கு மூஞ்சியில் கட்டியிருந்த துண்டை அவிழ்க்காமலேயே ஆண்கள் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நானும் குலுங்கிக் குலுங்கி அழுதேன். வீடு பூட்டிக் கிடந்ததால் உடல் இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை என்று எல்லோரும் தாங்களாகவே முடிவு செய்துகொண்டு காத்திருந்தார்கள்.

பக்கத்து நாற்காலியில் என் பங்காளி அழகுராஜா. தலையைக் குனிந்தபடியே எனக்குத் தேற்றுதல் சொன்னான். "அழாதீக. என்ன செய்ய? மனுசன் தங்கமானவரு. ஒரு கொற சொல்ல முடியாது. என்ன, எங்க அண்டாவ வாங்கிட்டுப் போயி ரெண்டு பொங்கலாச்சு. இனிமே யாருகிட்டப் போயிக் கேக்க?" நான் அழுகையோடு அழுகையாக, "நாளைக்கே குடுத்து விட்டுர்றேன் ராசா" என்று சொல்லிவிட்டேன். அவன் மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் துண்டை இறக்கினேன். அவன் போட்ட கூச்சலில் சாமியானாவின் ஒரு கால் சாய்ந்துவிட்டது.

உயிரோடு வந்தவனைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்றுதானே நினைப்போம்? இரண்டு நிமிடம் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம் ஆரம்பித்தார்கள். வேன் பேசி வந்தது, வேலையை விட்டு வந்தது, வாங்கிய மாலையை யாருக்குப் போடுவது என்று. "சாகலன்னா ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?" என்று சின்னம்மா கேட்டார்கள். நான் பதறிப்போய்ப் பூட்டை உடைத்துப் போனை எடுத்து, எல்லோருக்கும் "நான் பால்சாமி பேசுறேன், நான் நல்லா இருக்கேன், யாரும் வர வேண்டாம்" என்று பேசி அனுப்பினேன். பின்னால் இரண்டு கிழவிகள் ஒப்பாரியை நிறுத்தாமல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? சாவதற்கு முன்னால் பேசி வைத்ததை இப்போது யாரோ போட்டுவிடுகிறார்கள் என்று. அதைக் கேட்டு இன்னும் இரண்டு வேன் கிளம்பியது.

அந்த நேரத்தில்தான் சந்தையிலிருந்து தங்கலட்சுமியும், கல்லூரியிலிருந்து ரேணுகாவும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். உங்கள் தங்கை மயங்கி விழுந்து எழுந்ததை நான் எழுதவில்லை. ரேணுகாவைத்தான் எழுத வேண்டும். எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது அவள் கத்தவில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து, "ஒங்களுக்கு யாரு சொன்னாக?" என்று கேட்டாள். அதை மட்டும்தான் கேட்டாள். கேட்டுக் கேட்டுப் பின்னாலேயே போய்ச் சின்னம்மாவிடமும் மாரிக்கனியிடமும் வந்து நின்றாள். "எல்லாருக்கும் மொத்தமா அனுப்புனா நிக்காதுப்பா. சேதி எந்த வழியாப் போச்சோ அந்த வழியாவே திரும்பிப் போகணும். சொன்னவுக வாயாலதான் அத அழிக்க முடியும்" என்றாள். சின்னம்மாவை என் பக்கத்தில் உட்கார வைத்து, என் கையில் கூழ்ச் செம்பைக் கொடுத்து, சின்னம்மா வாயாலேயே "ஏலே, இவன் கூழு குடிக்கிறான்டா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று சொல்ல வைத்து வீடியோ எடுத்து, சின்னம்மா போனிலிருந்தே அனுப்பினாள். கிளம்பிய வேன்கள் பாதி வழியிலேயே நின்றன. காரியாபட்டி டீக்கடையில் நீங்கள் பார்த்தது அந்த வீடியோதான்.

பிறகு வாசலில் நின்று கோபமாக இருந்த கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எங்கப்பாவுக்கு ஒன்னுன்னா இம்புட்டுப் பேரு வருவீகன்னு இன்னைக்குத்தான் பாத்தோம். அவுகளும் இருந்து பாத்துட்டாக. யாரும் சாப்பிடாமப் போகக் கூடாது." அவ்வளவுதான். வேன்காரர் முதற்கொண்டு எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அழகுராஜாவின் அண்டாவிலேயே சோறு வடித்தோம், அவனே பரிமாறினான். எனக்கு மறுபடியும் அழுகை வந்தது, இந்த முறை எதற்கு என்று தெரிந்தே அழுதேன்.

அவளைத் தகவல் தொடர்புப் படிப்பில் சேர்க்கும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "பேசுறதுக்கு ஒரு படிப்பா? நம்ம குடும்பத்துல யாருக்கு மாப்ள பேசத் தெரியாது?" நானும் சேர்ந்து சிரித்தேன். பேச எல்லோருக்கும்தான் தெரிகிறது, அதனால்தான் சாமியானா வந்தது. ஒரு சொல் நம் வாயை விட்டுப் போனால் அடுத்தவன் காதில் என்னவாக விழும் என்று யோசிக்க நம் வீட்டில் யாருக்கும் தெரியாது, அவளுக்குத் தெரிகிறது. அதைத்தான் மூன்று வருடம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால் படிக்கட்டும் மச்சான். நர்சிங் நல்ல படிப்புத்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வந்த கூட்டத்துக்கு ஊசி போட்டு ஒன்றும் ஆகியிருக்காது. உங்கள் பேச்சைக் கேட்டதிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை. "மாமா வந்து கூப்பிட்டா நான் மறுத்துப் பேச மாட்டேம்ப்பா" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. தாய்மாமன் நீங்கள். அவள் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவர். டி.சி. வாங்க வர வேண்டாம் என்று உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை ஆடு எடுக்கச் சொல்லியிருக்கிறேன், நீங்களும் அக்காவும் சாப்பிட மட்டும் வாருங்கள். தங்கலட்சுமி ஒன்று எழுதச் சொல்கிறாள்: "அண்ணன் காரியாபட்டி வரைக்கும் எனக்குக் கோடி போட வெள்ளச் சேலையோட வந்துட்டுத் திரும்பிப் போயிருச்சு. அது ஆகாது. கலர்ச் சேலையாக் கொண்டாந்து குடுத்தாத்தான் கழியும். பார்டர் அகலமா இருக்கட்டும்." பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரும் நீடூழி வாழ்க, நானும்.

இப்படிக்கு,
உயிரோடும் பணிவோடும்,
பால்சாமி

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டிய பிறகுதான் ரேணுகா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். மோட்டாருக்குக் கிரீஸ் வைத்த கையோடு எடுத்ததில் உறையின் ஓரம் கறுப்பாகிவிட்டது. ஓரம் கறுத்த கடிதம் வந்தால் சாவுச் சேதி என்று நீங்கள் பிரிக்காமல் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுகுகிறவர் என்பது எங்களுக்குத் தெரியும். வேறு உறை வாங்க வேண்டுமென்றால் டவுனுக்குப் போக வேண்டும். அதனால் உறையைப் பிரித்து இந்தப் பின்குறிப்பை மட்டும் உள்ளே வைத்துவிட்டு, உறையின் மேலேயே அவள் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டாள்: "மாமா, அப்பா நலம். டி.சி. வேண்டாம், நான் படிக்கணும். திங்கட்கிழமை சாப்பிட வாங்க." பார்த்தால் நான் காலையிலிருந்து எழுதியது மொத்தமும் அதில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டால் போதும் மச்சான், உள்ளே இருப்பதைப் பிரிக்காமலேயே கிழித்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகலாம்.