நார்ப் பன்றி

எனக்குப் பேச்சு வராது. கேட்டால் பதில் சொல்வேன். அதுவும் இரண்டாவது முறை கேட்டால்தான்.

அறுபதுகளில் கடலூர் முதுநகரில் குடியிருந்தோம். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். (மூட்டையும் பேசாது. நல்ல பொருத்தம்.) என் மகள் செல்விக்கு இரண்டு வயது முடிந்தும் ஒரு சொல் வரவில்லை. காது கேட்கும், சிரிப்பாள். அவ்வளவுதான்.

சிதம்பரத்திலிருந்து மாமனார் என் மனைவிக்குச் சொல்லி அனுப்பினார். "அந்த வூட்ல பேச்சே கெடையாது. புள்ள யாரப் பாத்துப் பேசும்? ஞாயித்துக்கெழம வரேன். ஒன்னையும் புள்ளையையும் இங்கியே கூட்டியாந்துடறேன்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏங்க, அதுங்கிட்ட எதனா பேசுங்களேன்."

"இன்னா பேசறது?"

"ஆடு மாடாவது காட்டுங்க."

காட்டினேன். தகரத் தொட்டியில் களிமண் குழைத்தேன். யானை செய்து தவிடு பூசினேன். ஆட்டுக்குட்டிக்குப் பஞ்சு. மீனுக்கு நிஜச் செதில். பன்றிக்குத் தேங்காய் நாரை நறுக்கி முதுகெல்லாம் குத்தினேன். யானை பூசணிக்காய் மாதிரி வந்தது. பன்றி பன்றியாகவே வந்தது.

செல்வியின் விரலைப் பிடித்து அதன் முதுகில் தேய்ப்பேன். குத்தும். கையை இழுத்துக்கொண்டு சிரிப்பாள். "பன்னி" என்பேன். என் ஆயுசில் ஜாஸ்தி சொன்ன வார்த்தை அதுதான்.

ஞாயிறு காலை. வாசலெல்லாம் சேறு. நான் நாலு காலில், முதுகில் சாக்கு, உர் உர் என்று உறுமிக்கொண்டிருக்கிறேன். எதிரே ஒரு வெள்ளை வேட்டி வந்து நின்றது. மாமனார்.

"இன்னா மாப்ள இது?"

நான் வாய் திறக்கவில்லை. அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை.

எப்போதும் மழமழவென்று சவரம் செய்து வருகிறவர், அன்று முள்ளு முள்ளாகத் தாடியோடு வந்திருந்தார். செல்வி சேற்றுக் கையோடு அவர் வேட்டியைப் பிடித்தாள். அவளைத் தூக்கினார். அவள் தாடியைத் தொட்டாள். கையை இழுத்துக்கொண்டு சிரித்தாள்.

"பன்னி!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தொட்டிக்குள் ஒளிய இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

மாமனார் முகம் சிவந்தது. பிறகு கண் கலங்கியது.

"இந்தத் தாடி எதுக்கு உட்டேன், தெரியுமா? புள்ளைக்குப் பேச்சு வந்தா வந்து எடுக்கறேன்னு ஸ்ரீமுஷ்ணத்து சாமிக்கு வேண்டிக்கினேன்."

ஸ்ரீமுஷ்ணத்து சாமி பூவராகர். பெருமாள் எடுத்த பன்றி அவதாரம்.

மாமனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமியவே கூப்ட்டுட்டா மாப்ள!"

தனியாகத்தான் ஊர் திரும்பினார். அதற்கு முன் ஸ்ரீமுஷ்ணம் போய்த் தாடியை எடுத்துக்கொண்டார்.

இப்போது செல்வி வாயை மூட ஆள் இல்லை. எங்கள் வீட்டில் யார் சவரம் செய்யாமல் வந்தாலும் "சாமி வந்துடுச்சி" என்று பிள்ளைகள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். எல்லாரும் சாமி பேச வைத்தது என்கிறார்கள். இருக்கட்டும்.

பன்றி செய்தது நான்.